ரோட்டுக்கு அடியில் இரண்டு படிகள்

போன திங்கட்கிழமை விடியற்காலையில் நல்ல மழை. கண் விழித்ததும் கட்டிலில் இருந்தபடியே காலை மெதுவாகக் கீழே விட்டேன், தண்ணீரைத் தேடி. எங்கள் தெருவில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். தரை காய்ந்திருந்தது.

கூடுவாஞ்சேரி பக்கம் இருக்கும் எங்கள் நகரில், வீட்டுக்குள் தண்ணீர் வராத ஒரு மழைநாளை நாங்கள் பார்த்து எத்தனையோ வருடமாயிற்று. காரணம், எங்கள் வார்டு கவுன்சிலர் பியூலா. அவருக்கு எதிராக மனு எழுதியது... நான்தான்.

எங்கள் நகருக்குப் பின்னால், பள்ளத்தில் இருக்கும் காலனியில் பிறந்தவர் பியூலா. அவருடைய பெற்றோர் பிறர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். மகள் சுற்றுச்சூழல் கொள்கை படித்து டெல்லிக்குப் போனார். பல வருடம் அங்கே அறிக்கை தயாரிக்கும் வேலை. ஊருக்குள் விழும் மழைநீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதுதான் அவருடைய சப்ஜெக்ட்.

ஒருமுறை மாமல்லபுரத்தில், ஒரு ஹோட்டலில் கருத்தரங்கு. மேடையில் அதைப் பற்றிப் பேசிவிட்டு இறங்குகிறார், அம்மாவிடமிருந்து போன். "வூட்டுக்குள்ள தண்ணி வந்துட்சிமா. அரிசியெல்லாம் நனைஞ்சிபோச்சு."

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நின்றார். ஜெயித்தார்.

நாங்கள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ரோடு.

குண்டும் குழியுமாகக் கிடந்த தெருவுக்கு ஒருவழியாக சாங்ஷன் கிடைத்து, தார் லாரியும் வந்தது. எல்லோரும் கேட் அருகே நின்று ஏதோ திருவிழா மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். பியூலா ஸ்கூட்டரில் வந்து, சரியாக லாரிக்கு முன்னால் நிறுத்தினார்.

"பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டு அப்புறம் போடுங்க. ரூல் அதுதான்."

"சுரண்டுற மிஷின் இப்ப இல்லீங்க மேடம்," என்றார் கான்ட்ராக்டர்.

"வரட்டும். காத்திருக்கோம்."

லாரி திரும்பிப் போயே விட்டது. எதிர்வீட்டு ஆட்டோ டிரைவர் முருகனுக்குத் தாங்கவில்லை. "இன்னாம்மா நீ, வந்த ரோட்டைத் திருப்பி அனுப்பிட்டு நின்னுகினு கீற? இதுக்கா உனக்கு ஓட்டு போட்டோம்?"

பியூலா ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

வாரங்கள் போயின. மிஷின் வரவில்லை, புழுதிதான் வந்தது. எழுதத் தெரிந்தவன் சும்மா இருப்பானா? மனு எழுதினேன். 'வளர்ச்சிக்குத் தடையாக நிற்கும் கவுன்சிலர்' – அந்த வரியை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தெருவே கையெழுத்துப் போட்டது.

அடுத்த ஞாயிறு, மனுவின் நகலோடு பியூலா என் வாசலில் நின்றார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார்."

கிண்டல் இல்லை. நிஜமாகவே சொன்னார். இன்னொரு கையில், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப். ஒரு முனையை என்னிடம் கொடுத்து வாசல் பக்கம் பிடிக்கச் சொன்னார். மறுமுனையோடு நடுத்தெருவில் போய்க் குந்தினார். இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற மட்டத்திலிருந்து கீழே அளந்தார்.

"உங்க வாசல், ரோட்டைவிட நாலு விரல் பள்ளத்துல கீது சார். இதுமேல இன்னொரு ரோடு போட்டா தண்ணி எங்க போவும்?"

பதிலையும் அவரே சொன்னார்.

"உங்க வூட்டுக்குள்ள போவும். மிச்சம் எங்க காலனிக்கு வரும்."

என் வீட்டோடு அவர் நிறுத்தவில்லை. கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் போனார். முகத்துக்கு நேரே கேட்டைச் சாத்தியவர்கள் வீட்டுக்கு மறு ஞாயிறும் போனார். முருகன் வீட்டில் அரை மணி நேரம் திட்டு வாங்கிய பிறகுதான் டியூபையே பிரிக்க முடிந்தது.

பருவமழைக்குக் கொஞ்சம் முன்னால் மிஷின் வந்தது. சுரண்டச் சுரண்ட ரோட்டுக்குக் கீழே ரோடு, அதற்கும் கீழே இன்னொரு ரோடு. முருகன் ஓரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா அண்ணாத்த, இத்தினி ரோட்டு மேலயா வண்டி ஓட்டிகினு இருந்தேன்?"

எங்கள் வாசலுக்கு முன்னால் மண்ணைத் தள்ளியபோது ஒரு படி தெரிந்தது. பிறகு இன்னொன்று. வீடு கட்டும்போது நாங்கள் வைத்த படிகள். அவை எப்போது காணாமல் போயின என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஏறி நுழைந்த வீட்டுக்குள் இறங்கி நுழையப் பழகியிருக்கிறோம் – அதுவும் தெரியாமலே. என் மனைவி குனிந்து, கீழ்ப்படியைக் கையால் துடைத்தாள். "இதுலதான் முதல் கோலம் போட்டேன்," என்றாள்.

புது ரோடு படிகளுக்குக் கீழேயே அமைந்தது. போன திங்களன்று மழை விட்டதும் காலனிக்குப் போனேன். பியூலாவின் அம்மா வீட்டில் தண்ணீர் வாசலோடு நின்றிருந்தது. பியூலாவைச் சுற்றி பத்துப் பேர், எல்லோரும் பக்கத்துத் தெருக்காரர்கள். அவர்கள் ரோட்டையும் நிறுத்திவிட்டாராம். ஏச்சு தாளவில்லை. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும், "உங்களுக்குக் கோபமே வராதா மேடம்?" என்றேன்.

"டெல்லியில நான் எழுதின ரிப்போர்ட்டை யாரும் படிக்கவே இல்ல சார். இங்க வந்து சண்டையாவது போடுறாங்களே."

என்ன மனுஷி இவர்! மனுவுக்காக மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்க சார். அந்தத் தெருக்காரங்ககிட்ட நீங்க கொஞ்சம் பேசுறீங்களா?" என்றார்.

பேசினேன். நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.