மணக்காத பூண்டு

மணலியில் ஒரு வேதிப்பொருள் ஆலையின் ஆய்வகத்தில் முப்பத்தோராண்டுகள் பணியாற்றி, தலைமை வேதியியலாளனாக ஓய்வு பெற்றவன் நான். காற்றில் எந்த வாடை வந்தாலும் திருவொற்றியூரில் எங்கள் தெருவினர் என் வாசலுக்கே வருவார்கள். கந்தகமா, சாக்கடையா, வீட்டில் இருக்கலாமா, வெளியேற வேண்டுமா என்பதை மாடியில் நின்று ஒருமுறை முகர்ந்து சொல்லிவிடுவேன். என் சொல் தவறியதில்லை.

சென்ற மார்கழியில் என் மனைவிக்குப் பற்களை எடுத்திருந்தார்கள். மகள் வீட்டில் அவள் விரும்பி உண்ட, ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் சூடான கீரைக் குழைவை நானே செய்ய முற்பட்டேன். மகள் அதை டிப் என்பாள். பாலக்கீரையை வெந்நீரிலிட்டு எடுத்து, சொட்டு நீரில்லாமல் பிழிந்து அரிந்து வைத்தேன். வெண்ணெயை உருக்கிப் பூண்டை இட்டேன்.

“என்னங்க, பூண்டு கருகுது! அங்கதானே நிக்கிறீங்க?” என்று கூடத்திலிருந்து மனைவி கேட்டாள்.

பூண்டு கறுத்திருந்தது. குனிந்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்தேன். அதிலும் ஒன்றுமில்லை.

“தீ கூடிப்போச்சு” என்று மட்டும் சொன்னேன். வேறு பூண்டை வதக்கி, கீரையும் பாலும் சீஸும் சேர்த்துக் கிளறினேன். முந்தைய வாரம் மாடியில் நின்று, “ஒன்றுமில்லை, போய்ச் சமையுங்கள்” என்று தெருவினரிடம் சொல்லியிருந்தேன். அன்று காற்றில்தான் ஒன்றுமில்லையா, என் மூக்கிலா? கரண்டி ஓடவில்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது. மீன் விற்கும் எதிர்வீட்டு அம்மாள். பின்னால் பத்துப் பேர்.

“சார், இன்னா வாடை இது? புள்ளைங்கள இட்டுகினு கெளம்பணுமா, வூட்லயே கெடக்கலாமா? நீ சொன்னா செரி.”

மூச்சை இழுத்தேன். வெறுங்காற்று. “ஒன்றுமில்லை” என்பது நாக்கு நுனிவரை வந்தது.

“உங்களுக்கு எப்படி வாடை வருதும்மா?”

“இன்னா சார், எனக்கே பரீட்சை வெக்கிற?”

“எனக்கு வாடை தெரியலம்மா. மூக்கு போயிடுச்சு. நீங்க சொல்லுங்க.”

அவர் தெருப்பக்கம் திரும்பி மூச்சை இழுத்தார். “தலைக்கு டை அடிச்சா குப்புனு ஏறுமே, அது மாரி கீது. கண்ணு எரியுது சார்.”

அம்மோனியா. கொடித்துணிகள் தெற்கு நோக்கிப் பறந்தன. ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காற்றுக்குக் குறுக்காக மேற்கே ரயில் நிலையத்துப் பக்கம் நடக்கச் சொன்னேன். அடுப்பை அணைத்து, மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு நானும் நடந்தேன். வழிநெடுக ஒவ்வொரு மூச்சையும் அஞ்சியே இழுத்தேன். எதில் நஞ்சு இருக்கிறது என்று எனக்குத் தெரிய வழியில்லை.

இரண்டு மணி நேரத்தில் திரும்பினோம். ஒருவருக்கும் தீங்கில்லை.

சார் மாடியேறி முகர்ந்து கண்டுபிடித்தார் என்று தெருவில் இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. அன்று நான் மாடியேறவில்லை. முகர்ந்து சொன்னவர் எதிர்வீட்டு அம்மாள்.