ஊரான் வீட்டுக் கூரை

அவருக்கு மைத்துனன் வைத்த பெயர் 'கனவுக் கம்பெனி'. வைத்தது கேலிக்கு. அவரோ அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நாலு பேரிடம் தானே சொல்லித் திரிந்தார். ஆளைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும் என்பது அவர் மனைவியின் கட்சி.

அவர் டைல்ஸ் ஷோரூமில் விற்பனையாளர். விளக்குப் போட்டு ஜோடித்த பொய்க் குளியலறைகளுக்கு நடுவே காலமெல்லாம் நின்றதில், நிஜ வீட்டையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டார். ஒழுகும் குழாய் கண்ணில் படாது. அந்த இடத்தில் வரப்போகும் பளபளக் குழாய்தான் படும். அவளோ பல் மருத்துவமனையில் உதவியாளர். சொத்தையைச் சுரண்டாமல் மேலே ஒரு மூடியை மாட்டிவிடச் சொல்லும் நோயாளிகளைத் தினமும் பார்க்கிறவள். வீட்டுக்கு வந்தால் இங்கேயும் ஒருவர். கடித்துக் கடித்தே அவள் பல் பாதி தேய்ந்துபோயிருந்தது.

பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில் ஒரு பழைய மாடி வீடு விலைக்கு வந்தது. தலையை நரைக்க விட்டு மீசைக்கு மட்டும் மை பூசுகிறவர் அதன் உரிமையாளர். வார்த்தைக்கு வார்த்தை 'தம்பி' போடுவார். விலை பேசி, முன்பணம் கொடுத்து, பத்திரப் பதிவுக்குக் கெடு வைத்து ஒப்பந்தம் போட்டார்கள். கடன் கேட்ட வங்கி, வீட்டை மதிப்பிட ஒரு பெண்மணியை அனுப்பியது.

அந்தப் பெண்மணி டார்ச்சும் கையுமாக வந்து, கதவைத் திறந்து மூடி, சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கனவுக் கம்பெனிக்கு நாக்கு அரித்தது.

"மேடம், இதெல்லாம் இப்படியே இருக்கப்போறதில்ல. பதிவு முடிஞ்சதும் இந்தச் சமையலறைச் சுவரை இடிச்சு ஹாலோட சேர்த்துடுவோம். புது வயரிங், புது டைல்ஸ். அதையும் சேர்த்து மதிப்புப் போடுங்க."

"வாங்கினதுக்கப்புறம் நீங்க என்ன செய்வீங்கங்கறது உங்க இஷ்டம் சார். இன்னிக்கு வீடு எப்படி இருக்கோ, அதுக்குத்தான் நான் மதிப்புப் போட முடியும்."

அதோடு வாயை மூடியிருக்கலாம். தன் வாயால் கெடும் தவளை எப்போது மூடியிருக்கிறது? பின்னறையில் கூரையை ஒட்டி ஒரு பலகை அடித்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. இவராக நாற்காலி போட்டு ஏறினார்.

"இதைக்கூட விடமாட்டோம் மேடம். உள்ள தண்ணி இறங்கி கம்பியெல்லாம் துருப்பிடிச்சிருக்கு. தளத்தையே புதுசா போட்டுடப்போறோம்!" என்று பலகையைப் பிடித்து இழுத்தார்.

கைப்பிடி அளவு கான்கிரீட் பொலபொலவென்று உதிர்ந்து அந்தப் பெண்மணியின் செருப்பருகே விழுந்தது. அவர் நிதானமாகப் படம் எடுத்துக்கொண்டார். "காட்டினதுக்கு நன்றி சார்" என்றார். அந்தக் குரலில் கிண்டல் துளியும் இல்லை. அதனாலேயே மனைவிக்குக் காது எரிந்தது.

பேசிய விலையைவிட மதிப்பு குறைவாக வந்தது. கூரையைச் சரிசெய்து, மறுபடி வந்து பார்த்த பிறகுதான் கடன் என்றும் சொல்லிவிட்டார்கள்.

"நான்தான் அப்புறம் செய்யறேன்னு சொன்னேனே! நல்லதைச் சொன்னா குறைச்சா போடுவாங்க?" என்று அவர் குதித்தார்.

"கூரை உளுத்துப்போச்சு, மாத்தப்போறேன்னு சொன்னீங்க. உளுத்தது கண்ணுக்குத் தெரிஞ்சுது. மாத்தப்போறதை யார் கண்டா?" என்றாள் அவள்.

மீசைக்காரரிடம் போனார்கள். "இருக்கிறபடி வாங்கிக்கறேன்னுதானே பேச்சு தம்பி? நான் சல்லிக்காசு போடமாட்டேன். வேணும்னா நீங்களே செஞ்சுக்குங்க. உங்க வீடுதானே!"

'உங்க வீடு' என்ற சொல்லில் மனிதர் அங்கேயே உருகிப்போனார். வழிநெடுக அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்.

"பத்திரம் இன்னும் அவர் பேர்ல இருக்குங்க. செலவை விலையில கழிச்சுக்கறதா எழுதி வாங்குங்க. கெடுவையும் தள்ளிப்போட்டுக் கையெழுத்து வாங்குங்க."

"ஏம்மா, மனுஷனை மனுஷன் நம்ப வேண்டாமா?"

மனுஷனை நம்பியே வேலை தொடங்கியது. கொத்தனார் பழைய கான்கிரீட்டைத் தட்டி, துருவைத் தேய்த்து, கம்பி கட்டி, புதிதாகப் பூசினார். அத்தோடு விட்டாரா கனவுக் கம்பெனி? வெயிலைத் தாங்கும் வெள்ளை டைல்ஸை மொட்டைமாடி முழுக்கப் பதிக்க வைத்தார். ஊழியர் சலுகையில் கிடைத்ததாம். மீசைக்காரர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்த மூலையையும் பார்த்துடுப்பா" என்று அதிகாரம் பண்ணினார். டைல்ஸ் காய்வதற்குள் கெடு தாண்டிப்போனது.

டார்ச் பெண்மணி மறுபடி வந்தார். மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பேசிய விலைக்கும் மேலாகவே மதிப்பைச் சொன்னார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் மீசைக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"மதிப்பு ஏறிப்போச்சே தம்பி. நம்ம கெடுவும் தாண்டிப்போச்சு. பழைய விலைக்கு எப்படிக் கொடுக்கறது?"

இவர் நாலு இடத்தில் கடன் கேட்டு அலைந்தார். கேட்ட தொகையைப் புரட்ட முடியவில்லை. வீடு வேறொரு தம்பதிக்குப் போனது. முன்பணம் மட்டும் திரும்பி வந்தது.

மறுநாள் அவள் தனியாகப் போய் மீசைக்காரரைப் பிடித்தாள். "எங்க காசுல கூரை போட்டுக்கிட்டீங்களே, உங்களுக்கு உறுத்தலையா?"

"நானா கேட்டேன்? உங்க வீட்டுக்காரர்தானேம்மா ஆசைப்பட்டாரு! நான் வேண்டாம்னா சொல்வேன்?"

இவன் திருடன், சரி. ஆனால் கதவைத் திறந்து விளக்கும் ஏற்றி வைத்துத் திருடனைக் கூப்பிட்டது யார்? வீடு திரும்பும் வழியில் இருவரையும் மாறி மாறித் திட்டித் தீர்த்தாள். கடைசியில் புருஷன் பங்குதான் அதிகமாக இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து, மருத்துவமனையிலிருந்து வரும் வழியில் அவள் புருஷனின் ஷோரூமுக்குள் எட்டிப்பார்த்தாள். இளம் தம்பதி ஒன்று அவர் முன் நின்றது. "அந்தச் சுவர் இல்லைன்னு நினைச்சுக்குங்க..." என்று கைகளை விரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண், வாசல்படியைக்கூடத் தாண்டாத வீட்டுக்குள் அதற்குள் குடியேறிவிட்ட முகத்தோடு நின்றாள்.

அந்த முகத்தை இவளுக்கு அடையாளம் தெரிந்தது. பெண் பார்த்துவிட்டுப் போன மாலையில், கண்ணாடியில் பார்த்த தன் முகம். அன்றும் இவர் இப்படித்தான் எதையோ இல்லையென்றும் எதையோ இருக்கிறதென்றும் நினைத்துக்கொள்ளச் சொன்னார். இவளும் நினைத்துக்கொண்டாள்.

தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. உள்ளே போய், அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, "முதல்ல கூரையைப் போய்ப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.