அத்தை பார்க்காத கடைசிக் காட்சி

ராஜபாளையத்துத் தியேட்டரில் பெண்கள் பக்கத்து வாசலில் ஒரு படுதா தொங்கும். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். நான் பார்த்தபோது புளி கரைத்த நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. கை படுகிற உயரத்தில் மட்டும் தலையெண்ணெயும் அழுக்கும் ஏறி மினுங்கும். அத்தை அதைக் கையால் தொடமாட்டாள். லத்தியின் நுனியால் ஓரமாக ஒதுக்குவாள். மத்தியான வெயில் தரையில் நீளமாக வந்து விழும். திரையில் ஒரு கிழவர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருப்பார். காக்கி உடுப்பில் அத்தை வெளியே போய்விடுவாள். அந்தத் தெலுங்குப் படத்தின் முடிவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஆளாளுக்கு, ஆகா அந்தப் படமா, நாங்கள் பார்த்தபோது தெரியுமா என்று தங்கள் கதையை எடுத்துவிடுவார்கள். இது என் அத்தையின் கதை. கர்நாடக சங்கீதத்தைப் பற்றிய படம், சண்டை கிடையாது, கதாநாயகனுக்குத் தலை நரைத்திருக்கும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். ராஜபாளையத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. அவர்கள் பார்த்து ஓய்ந்த பிறகு படத்தைத் தூக்கிவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்ததோ வேறு. தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாத பெண்களெல்லாம் வத்திராயிருப்பிலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். பெண்கள் டிக்கெட் கவுண்டரில் சேலை கிழிகிற அளவுக்குத் தள்ளுமுள்ளு. அந்த வரிசையை ஒழுங்குபடுத்தத்தான் அத்தையைப் பந்தோபஸ்துக்குப் போட்டார்கள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. மகாராஜபுரத்தில் வயலும் தோட்டமுமான குடும்பம் எங்களுடையது. ஆண்களில் பட்டாளத்துக்கோ போலீசுக்கோ போகாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்பாவே சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண்பிள்ளை உடுப்பு மாட்டினால் மாலை போட்டு ரயிலேற்றுவார்கள். அத்தை மாட்டியபோது குடும்பமே இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்ததாம். அத்தை அந்தக் கதையை எப்போது சொன்னாலும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

பள்ளிக்கூட லீவில் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ் லைனில் அத்தையோடு இருப்பேன். தனியாக விட மனமில்லாமல் என்னையும் தியேட்டருக்குக் கூட்டிப்போய்ப் பெண்கள் பெஞ்சில் உட்காரவைப்பாள். அவளுடைய டூட்டி எப்படியென்றால், கவுண்டர் மூடுகிறவரை வெளியே வரிசையில் நிற்கவேண்டும். அதற்குள் படம் ஆரம்பித்து நெடுநேரம் ஆகியிருக்கும். பிறகு உள்ளே வந்து, ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கிற கட்டைச் சுவரோரம் நிற்பாள், எவனாவது சுவரேறிச் சில்மிஷம் செய்தால் பிடரியில் ஒன்று போட. படம் முடியப்போகும்போது மறுபடி வெளியே கேட்டுக்கு ஓடவேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு நிற்கிற கூட்டம் முண்டியடித்து உள்ளே ஏறும், இந்த ஆட்டத்துக் கூட்டம் வெளியே வரும். இரண்டும் மோதாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. ஆக, அந்தப் படத்தை ஊரிலேயே அதிகம் தடவை பார்த்தவள் அவளாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் ஆரம்பத்தையும் பார்த்ததில்லை, முடிவையும் பார்த்ததில்லை.

நடுவில் பார்த்ததே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. கதை பெரிதில்லை. ஆற்றங்கரைக் கிராமத்தில் ஒரு பாடகர், ஜமீன்தாரைப் புகழ்ந்து பாட மறுக்கிறார். ஊர் அவரை ஒதுக்குகிறது. கோயில் கதவு சாத்தப்படுகிறது. அவர் பாட்டுக்கு ஆற்றங்கரையில் உட்கார்ந்து தனியாகப் பாடுகிறார். அத்தைக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. ஆற்றங்கரை ஆலாபனை வரும்போது லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாயைப் பிளந்து நிற்பாள். "ஒரே எடத்துல உக்காந்துக்கிட்டு எம்புட்டுத் தூரம் போயிட்டு வாராரு பாத்தியாட்டி?" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேட்பாள். கேசட் வாங்கிப் போலீஸ் லைனே அதிரப் பாடவிட்டாள். பக்கத்து வீட்டு ஸ்டேஷன் ரைட்டர், தெலுங்கெல்லாம் புரியுதாக்கும் என்று கேலி செய்தபோது அத்தை சொன்ன பதில் இன்றைக்கும் காதில் இருக்கிறது. "வையுறது மட்டும் எந்தப் பாசையில வஞ்சாலும் புரியுதுல்ல? பாட்டு மட்டும் புரியாமப் போயிருமோ?"

அவளுக்கு அந்தக் கிழவர்மேல் ஏன் அத்தனை பிடிப்பு என்று சொல்லவேண்டுமென்றால் கிணற்றுக் கதையைச் சொல்லியாக வேண்டும். படம் வருவதற்குச் சில காலம் முன்பு அத்தைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. உடுப்பைக் கழற்றிவிட்டு வீட்டில் இரு என்றார் மாமா. மாட்டேன் என்று அண்ணன் வீட்டுக்கு வந்து நின்றாள். என் அப்பா அவளைச் சமாதானம் செய்து, தானே பஸ்ஸேற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். இந்தத் தடவை மாமா பேசவில்லை. உடுப்பை, தொப்பி பெல்ட்டோடு சுருட்டித் தோட்டத்துக் கிணற்றில் எறிந்துவிட்டார். அத்தை கிணற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். படியில் இறங்கித் தண்ணீரில் குதித்து, முங்கி முங்கி ஒவ்வொன்றாக எடுத்தாள். பம்புசெட் அறைக்குள் போய்ப் பிழிந்து அப்படியே மாட்டிக்கொண்டாள். சொட்டச் சொட்ட நடந்துபோய் பஸ் ஏறினாள். கண்டக்டர் சீட்டு நனையும் என்றானாம். நின்னுக்கிட்டே வாரேன் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் நின்றபடியே வந்து டூட்டியில் சேர்ந்தாள். பிறகு அந்த வீட்டுப் படியை மிதிக்கவே இல்லை.

அப்பாவுக்குத் தங்கைமேல் உயிர். அதனாலேயே கோபமும் அதிகம். வீட்டில் பேச்சு எப்படித் தொடங்கினாலும் அந்தப் படத்தில்தான் வந்து முடியும். படத்தின் கடைசியில் ஊரே மனம் மாறி அந்தக் கிழவரைக் கோயிலுக்கு அழைக்கிறது. மண்டபத்தில் உட்கார்ந்து பாடுகிறார். பாட்டு பாதியில் இருக்கும்போது அப்படியே சாய்ந்து இறந்துபோகிறார். "பிடிவாதம் பிடிச்சானே, என்னத்தக் கண்டான்? கடைசியில செத்தான்! நீயும் இப்படித்தான் தனியாக் கெடந்து சாவப்போறே" என்பார் அப்பா. அத்தை சோற்றைப் பிசைந்தபடி நிதானமாகச் சொல்வாள்: "அவரு சாகல." பாதியில் பார்த்தவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்பா கத்துவார். "சாகல அண்ணே. பாடி முடிச்சு, சுண்டல் வாங்கித் தின்னுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு." நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வராது. தீபாவளி, பொங்கல், காதுகுத்து என்று எங்கே கூடினாலும் இந்தச் சண்டை உண்டு. அத்தைக்குத் தலை நரைத்து, ஏட்டம்மாவாகி, ஓய்வும் பெற்ற பிறகும் தீர்ந்தபாடில்லை.

அவள் ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாக வீடு கட்டிய பிறகு ஒரு பொங்கலுக்கு அந்தப் படத்தின் டிவிடி கிடைத்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இன்றைக்குத் தீர்த்துவிடலாம் என்று எல்லோரையும் அத்தை வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்தார். அன்றுதான் அத்தை முதல் தடவையாகப் படத்தின் ஆரம்பத்தைப் பார்த்தாள். பாடகர் இளைஞராக இருக்கும் காலம் அது. இடுப்பில் துண்டைக் கட்டி, தலையைக் குனிந்துகொண்டு, ஜமீன் வீட்டு முற்றத்தில் அந்தப் புகழ்ச்சிப் பாட்டைப் பாடுகிறார். ஒரே ஒரு தடவை. இத்தனை வருஷத்தில் இந்தக் காட்சியை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் முடிவைச் சொல்வதில்தானே ருசி! அத்தை காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "ஒரு தடவ குனிஞ்சு பாத்திருக்காரு. அதான் பொறவு குனியல" என்றாள். அவளை பஸ்ஸேற்றிக் கொண்டுபோய் விட்ட அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அப்பா காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கோயில் மண்டபம் வந்தது. தம்புரா ஒலித்ததும் அத்தை எழுந்தாள். கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு தெருக்கதவுப் பக்கம் நடந்தாள்.

"ஏட்டி, உக்காரு! இப்பத்தான் முக்கியமான எடம். நீ சாகலன்னு சாதிச்சியே, அந்தாளு சாகப்போறான், கண்ணால பாரு" என்றார் அப்பா.

"நீங்க பாருங்க. எனக்கு கேட்டுல டூட்டி" என்றாள் அத்தை. நாங்கள் சிரித்தோம். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "நான் அந்த கேட்டுல நின்னவ அண்ணே. ஒவ்வொரு ஆட்டமும் முடிஞ்சு மூக்கச் சிந்திக்கிட்டு வந்தாளுவளே, அம்புட்டுப் பேரு மொகத்தையும் பாத்தவ. அவரு செத்துட்டாருன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீய?"

"பொறவு ஏன்ட்டி சாகல சாகலன்னு நின்னே?"

"அவரு செத்தாருன்னா நீங்க சொன்னீய? நான் தனியாச் சாவேன்னுல்ல சொன்னீய."

டிவியில் கிழவர் சாய்ந்ததை ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அத்தை தெருவில் போன பூக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அப்பா அந்தப் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

அத்தை போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. உடம்புக்கு முடியாமல் படுத்த நாட்களில் அவள் வீட்டில் உட்கார இடமிருக்காது. கூட வேலை பார்த்த பெண்கள், அவளிடம் அடி வாங்கித் திருந்தியவர்கள், எதிர்த்த வீட்டுக் குழந்தைகள், அண்ணன் பிள்ளைகள் நாங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைக் குன்றுப் பெருமாள் பிரசாதத்தைத் தினம் ஒருத்தி கொண்டுவந்து நெற்றியில் வைப்பாள். கடைசி மூச்சு போகும்போது அவள் கை அப்பாவின் கைக்குள் இருந்தது. இருந்தும் துக்கத்துக்கு வந்த ஒரு சொந்தக்காரி, "பாவம், தனியாவே வாழ்ந்து போய்ட்டா" என்று மூக்கைத் துடைத்தாள். பாவமாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. எங்கள் குடும்பத்தில் நினைத்தபடி வாழ்ந்து தீர்த்தது அவள் ஒருத்திதான். அதை அந்த அம்மாள் முகத்துக்கு நேரே சொன்னேன். சாவு வீட்டில் சத்தம் போட்டாள் என்று இன்றைக்கும் என்னைப் பேசுகிறார்கள். பேசட்டும்.

இப்போது அந்தப் படத்தைத் துலக்கிப் புதுசு போலாக்கி மறுபடி விட்டிருக்கிறார்கள். ராஜபாளையத்தில் அதே தியேட்டர். நான் கணக்கெழுதும் மில் ஆபீசில் பக்கத்து சீட்டுப் பையன் போனில் கொஞ்சம் பார்த்துவிட்டு, ரொம்ப ஸ்லோவா இருக்கு மேடம் என்றான். ராகம் என்ன பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸா, சீக்கிரம் போய்ச் சேர? அப்பாவிடம் தயங்கித்தான் சொன்னேன். உடனே சட்டையை மாட்டிவிட்டார். எங்களோடு இருக்கும் சித்தி வாசலை மறித்தாள். "தலைவருசம் கழியல, படத்துக்கா போறீய? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரோட சேந்து நானும் எம்புட்டோ சொல்லியாச்சு. போதும். ஏட்டி, வண்டிய எடு" என்றார் அப்பா.

தியேட்டருக்கு ஏ.சி. போட்டிருக்கிறார்கள். கட்டைச் சுவர் போய்விட்டது. ஆனால் பக்கவாட்டு வாசலில் ஒரு படுதா இருக்கிறது, நீல நிறத்தில். மத்தியான ஆட்டத்துக்குக் கூட்டம் அதிகமில்லை. படத்தில் குறையில்லாமல் இல்லை. நகைச்சுவை என்று வருவது பல்லைக் கடிக்கவைக்கிறது, ஜமீன்தார் கண்ணை உருட்டுகிறார். ஆற்றங்கரை ஆலாபனை தொடங்கியதும் அதெல்லாம் மறந்துபோயிற்று. அந்தக் குரல் அன்றைக்குப் போலவே யாருக்கும் அஞ்சாமல் ஏறியது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்த எடத்துலதான உங்க அத்தை உள்ள வருவா?" என்றார். ஆமாம் என்றேன். சுவர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கோயில் மண்டபம் வந்தது. தம்புரா ஒலித்தது. கிழவர் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தார். அப்பா கைத்தடியைத் துழாவி எடுத்தார்.

"எந்திரி, போவோம்."

"இன்னும் இருக்குப்பா. செத்த நேரந்தான்."

"இருக்கட்டும். எனக்கு டூட்டி இருக்கு."

கைப்பிடியைப் பற்றிப் பற்றிப் படியிறங்கினார். நான் பின்னால் போனேன். வாசலுக்கு வந்ததும் படுதாவைக் கையால் தொடவில்லை. கைத்தடியின் நுனியால் ஓரமாக ஒதுக்கினார். வெயில் உள்ளே நீளமாக விழுந்தது. வெளியே போய், படுதாவைத் தடியால் பிடித்தபடியே, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. உள்ளேயிருந்து பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது.

"கேட்டியா?" என்றார் அப்பா. "பாடிக்கிட்டுத்தான இருக்காரு."

அந்தக் குரல் நிற்பதற்கு முன்னால் படுதாவை விட்டுவிட்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.