நாலாம் மாடியின் அதிபர்

அந்தக் கட்டடத்தின் நாலாம் மாடி ஒரு தனி நாடு. நான்கு வீடுகள், ஒரு நடை, ஒரு தண்ணீர்க் குழாய், துணி காயப்போட நாலு கயிறு. அதிபர் ஒரு பெண்மணி. பேருந்து இருக்கைகளுக்கு ரெக்சின் உறை தைப்பது அவர் தொழில். கனத்த தையல் இயந்திரம் ஓடும்போது கீழே மூன்றாம் மாடியில் பாத்திரங்கள் அதிரும். அதை அவர் நாட்டின் ராணுவம் என்பார். பால் போடுகிறவர்கூடக் கடைசிப் படியில் நின்று, "வெளிநாட்டுலேருந்து வர்றேன், உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவார்.

நாடு பிறந்தது கட்டடச் சங்கத்தின் ஒரு கூட்டத்தில். கீழே மூன்று மாடிகளிலும் வீட்டுச் சொந்தக்காரர்கள். நாலாம் மாடி முழுவதும் வெளிநாட்டில் வாழும் ஒரே ஆளின் சொத்து. போன் அடித்தால் எடுக்க மாட்டார். அங்கே இருந்த நான்கு குடும்பங்களும் வாடகைக்காரர்கள். லிஃப்டுக்கு அட்டை முறை வந்தபோது நாலாம் மாடிக்கு அட்டை தர வேண்டாம் என்று சங்கம் முடிவு செய்தது. ரெக்சின் சுருள்கள் லிஃப்டின் கண்ணாடியைக் கீறுகின்றனவாம். அங்கே குடியிருந்த சலூன்காரரின் சட்டையிலிருந்து முடி உதிர்கிறதாம். மறுப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் செயலாளர். நாலாம் மாடி கை தூக்கியது. வாடகைக்காரர் கை கணக்கில் வராது என்று சொல்லிவிட்டு மற்றக் கைகளை எண்ணினார்.

இதற்கும் வாக்கெடுப்பு என்றுதான் பெயர். லிஃப்டில் போகிறவர்கள் கூடி உட்கார்ந்து, படியேறுகிறவன் படியே ஏறட்டும் என்று முடிவெடுத்தால் அது பெரும்பான்மை முடிவு. படியேறுகிறவனைக் கேட்டீர்களா என்றால், அவன் உறுப்பினரே இல்லையே என்பார்கள். எல்லா அநியாயத்துக்கும் இப்படி ஒரு விதி எங்காவது எழுதித் தயாராக இருக்கிறது.

அன்று மாலை நடையில் உட்கார்ந்து, கணக்கில் வராதவர்கள் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டார்கள். உறை தைப்பவர் அதிபர். சலூன்காரர் தண்ணீர் அமைச்சர். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் சட்ட அமைச்சர். நாலாவது வீட்டு அக்கா தங்கை இருவரும் மருந்துக் கம்பெனியில் புட்டிக்கு மூடி போடுகிறவர்கள், அவர்களுக்கு வெளியுறவு. பணிமனையில் பேருந்து டயர் மாற்றும் அதிபரின் கணவருக்கு எந்தப் பதவியும் கிடைக்கவில்லை. "நான் பொதுமக்கள்" என்றார் அவர்.

சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தபோதே அதிபரின் சிறுநீரகங்கள் கெட்டன. வாரம் மூன்று முறை மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். திரும்பி வரும்போது நிற்கவே முடியாது, படி எங்கே ஏறுவது? கணவர் செயலாளரிடம் போய் நின்றார். ஆஸ்பத்திரி நாட்களில் மட்டும் காவலாளி தன் அட்டையைப் போட்டு அதிபரை ஏற்றி இறக்கலாம் என்று சலுகை கிடைத்தது. அந்த அட்டையில்தான் அவர் உயிர் தொங்கியது.

அப்போதுதான் தூரத்து நாடு ஒன்றில் தேர்தல் வந்தது. சட்ட அமைச்சர் தன் டிவியை நடையைப் பார்த்துத் திருப்பி வைத்தார். தோற்ற கட்சி பலமாக இருந்த மாகாணம், நாங்கள் பிரிந்து போகிறோம் என்று கிளம்பியிருந்தது.

"பிரிஞ்சு போறதுன்னா தேர்தல்ல எதுக்கு நின்னாங்க?" என்று கேட்டார் கணவர்.

"ஜெயிச்சா ஒரே நாடு, தோத்தா தனி நாடு. என் மச்சான் சீட்டாடுற மாதிரி," என்றார் சலூன்காரர்.

அதிபர் சுவரில் சாய்ந்திருந்தார். "அவங்களயாவது எண்ணிப் பாத்துட்டுத் தோத்தீங்கன்னு சொன்னாங்க. நம்மள எண்ணவே இல்லையே."

"அப்ப நாம தோக்கவே இல்லம்மா," என்றார் சட்ட அமைச்சர். "எழுத்துல பிரிஞ்சிடலாம். நம்மளது வாய்வார்த்தை நாடாவே இருக்கு."

அவருக்குத் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார ஒரு சாக்கு போதும். கீழ்த்தளங்களின் ஆட்சியையோ சட்டத்தையோ இன்றுமுதல் ஏற்க மாட்டோம் என்று அடித்தார். சட்டத்துக்குப் பக்கத்தில் சலுகையையும் சேர்க்கச் சொன்னவர் அதிபர்தான். கேட்கும்போது கம்பீரமாக இருக்குமாம். முதல் கையெழுத்தும் அவருடையது. காலையில் அது கீழே அறிவிப்புப் பலகையில் தொங்கியது. கட்டடமே சிரித்தது. முதல் மாடிக் குழந்தைகள் படியேறி வந்து விசா கேட்டார்கள்.

செயலாளர் சிரிக்கவில்லை. தாளை உரித்தெடுத்துக் கோப்பில் வைத்தார். அடுத்த ஆஸ்பத்திரி நாளில் காவலாளி தலையைக் குனிந்துகொண்டு, தன் அட்டையைச் சங்கத்தில் திரும்ப வாங்கிவிட்டார்கள் என்றார்.

கணவர் டயர்க் கறை கையோடு செயலாளர் வீட்டு வாசலில் நின்றார். "விளையாட்டுக்கு எழுதினது சார்."

"கையெழுத்துமா விளையாட்டு? சலுகை வேணாம்னு நீங்களேதான எழுதிக் குடுத்தீங்க?"

"நடக்க முடியாத பொம்பள சார் அவ."

"எனக்குப் புரியாமலா? ஆனா நான் ஒருத்தன் முடிவு பண்ண முடியாது. கூட்டத்துல வைக்கிறேன். ஜனநாயகம்னு ஒண்ணு இருக்குல்ல."

நாலு வீட்டிலும் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சட்ட அமைச்சர் அதை அடிக்கும்போது ஒரு பிழைகூட விடவில்லை. கூட்டம் வரும்வரை அதிபரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கணவரும் சலூன்காரரும் படிகளில் சுமந்தார்கள். ஒருநாள் மூன்றாம் மாடி டீச்சர் தன் அட்டையைப் போட்டு லிஃப்டில் கூட்டிப் போனார். மறுநாளே டீச்சரின் அட்டை வேலை செய்யவில்லை. அவர் செயலாளரிடம் எழுதிக் கேட்டு, இனி இப்படி நடக்காது என்று சொன்ன பிறகு திரும்ப வேலை செய்தது.

கூட்டத்தில் நாலாம் மாடி பின்னால் நின்றது. சலுகையைத் திரும்பத் தர விரும்புகிறவர்கள் கை தூக்கலாம் என்றார் செயலாளர். டீச்சரின் கை பாதிதூரம் எழுந்தது. இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டு மடிக்குத் திரும்பியது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் கொடியவர்கள் இல்லை. நான் பார்த்தவரை, ஒரு மனிதரைக் கொல்வதற்குக் கொடியவர்கள் தேவைப்படுவதும் இல்லை. கையை மடியில் வைத்திருந்தால் போதும்.

வேறு கட்டடங்களில் தரைத்தளத்தில் வீடு தேடினார்கள். நோயாளி என்றதும் வீடு இல்லை என்றார்கள், இரவு பகலாகத் தையல் இயந்திரம் ஓடும் என்றதும் கதவைச் சாத்தினார்கள். சலூன்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கணவர் பணிமனையில் அரைநாள் விடுப்புகளைத் தின்று தீர்த்தார். ஒருமுறை இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி சரிந்து, அதிபர் சுவரில் மோதினார். கையில் ஊசி குத்துமிடத்தில் ரத்தம் கட்டியது. அதற்குப் பிறகு அவர் வாரத்தில் ஒரு நாளை விட்டார். பிறகு இரண்டு நாளை.

டாக்டர் திட்டினார். கணவர் கெஞ்சினார். அதிபர் வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, அரைகுறையாகக் கிடந்த உறை ஒன்றின் ஓரத்தை மடித்தபடி சொன்னார்.

"உன் முதுகு போச்சுன்னா டயர யாரு தூக்குவா? எனக்கு அங்க போய்ப் படுக்கறதுகூடக் கஷ்டமில்ல. அந்தப் படியில, ஒவ்வொரு கதவும் சாத்துற சத்தம் கேக்குது பாரு. அதான் முடியல."

மழை பெய்த ஒரு பிற்பகலில், மூச்சு முட்டி, அவர் நாற்காலிக்காகக் காத்திருக்காமல் போய்ச் சேர்ந்தார்.

அன்றைக்குச் செயலாளரே நாலாம் மாடிக்குப் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. மனிதாபிமான அடிப்படையில், உறுப்பினர்களிடம் போனில் கேட்டுவிட்டேன், எல்லோரும் ஒருமனதாகச் சம்மதித்துவிட்டார்கள் என்று சொல்லி அட்டையை நீட்டினார்.

"தூக்கி மூஞ்சில எறிங்க அண்ணே," என்றார் சலூன்காரர். "நாம படியிலயே தூக்கிட்டுப் போலாம்."

கணவர் அந்தப் படிகளைப் பார்த்தார். திருப்பங்களைப் பார்த்தார். "வேணாம்பா," என்றார். "திரும்பவும் எங்கயாவது இடிச்சுடும்."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கிக்கொண்டார். லிஃப்ட் சின்னது, படுக்கவைத்தால் கதவு மூடாது. அதனால் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ரெக்சின் துண்டு ஒன்றால் இடுப்போடு சேர்த்துக் கட்டி, கணவர் பக்கத்தில் நின்று தலையைப் பிடித்துக்கொண்டார். வேறு யாருக்கும் உள்ளே இடமில்லை. கதவு மூடியது. மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி, முதல் மாடி என்று எண்கள் எரிந்து அணைந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.