இல்லாததை இல்லை என்றவர்

உலக உருண்டை மாட்டு வண்டியில் வைக்கோல்மேல் உட்கார்ந்து வந்தது. கூடவே நான்கு பெஞ்சுகள், ஓர் இந்திய வரைபடம், ஸ்கிப்பிங் கயிறுகள், காற்றடித்த பந்து ஒன்று. மறுநாள் எங்கள் தொடக்கப் பள்ளியில் இன்ஸ்பெக்ஷன். மாரண்டஹள்ளியைச் சுற்றியிருந்த சின்னப் பள்ளிகளில் அப்போது இதுதான் வழக்கம். பெரிய பள்ளியின் சாமான்கள் இன்ஸ்பெக்டருக்கு ஒரு நாள் முன்னதாக ஊர் ஊராகப் போகும். ஒரே பந்தை அவர் ஐந்து ஊரில் பார்த்து ஐந்து முறை ‘உண்டு’ என்று எழுதுவார். அறுபதுகளின் கடைசியில் அங்கே உதவி ஆசிரியராக இருந்த நான் இந்த ஏற்பாட்டில் கெட்டிக்காரன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அந்த வண்டியைத் திருப்பி அனுப்பினார் எங்கள் பெரிய டீச்சர். தலைமை ஆசிரியை என்பதால் அந்தப் பெயர். வயதில் என்னைவிட ஆறு வருடம் சின்னவர். வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. “இருக்குதுன்னு எழுதிப்புட்டா அப்பறம் யாருங்க சார் குடுப்பாங்க?” என்றார். வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன்.

பள்ளி என்பது ஓடு போட்ட ஒரே அறை. மூன்று வகுப்புகள் முதுகோடு முதுகாக உட்கார்ந்து மூன்று பாடங்களைக் கத்தும். மற்ற இரண்டும் புளிய மரத்தடியில். மரத்தடிப் படிப்பு சொர்க்கம் என்று இப்போது மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கட்டெறும்பு கடித்தது அவர்கள் தொடையை அல்ல. மைதானம் என்று நாங்கள் காட்டியது ஊரார் கேழ்வரகுக் கதிர் அடிக்கும் களத்தை. கழிப்பறை கிடையாது. பையன்கள் சுவரோரம் ஒதுங்குவார்கள். பெண் பிள்ளைகள் அடக்கிக்கொண்டு இருந்து, மதியம் வீட்டுக்குப் போனால் திரும்ப மாட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் இரண்டே பெண்கள் மிஞ்சியிருந்தார்கள். பெரிய டீச்சருக்கு அதுதான் பொறுக்கவில்லை. எனக்கும் தெரிந்த விஷயம்தான். எனக்குப் பழகிவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் பள்ளியில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார். விளையாட்டுச் சாமான்? இல்லீங்க. உலக உருண்டை? இல்லீங்க. கழிப்பறை? இல்லீங்க. அவர் போன வருடத் தாளைப் புரட்டினார். எல்லாவற்றுக்கும் நேராக ‘உண்டு’, போய்ப் பார்க்காமலே எழுதிய கழிப்பறைக்கும்கூட.

“போன வருசம் இருந்ததெல்லாம் எங்கம்மா போச்சு?”

“வண்டியில வந்துச்சு, வண்டியிலயே போயிருச்சுங்க.”

அவர் முகம் சிவந்தது. “உங்க வேலைக்கே வெனையாயிரும். யோசிச்சு சொல்லுங்க” என்றார். பெரிய டீச்சர் அவரைப் பள்ளிக்குப் பின்னால் அழைத்துப் போனார். அங்கே உண்ணிச்செடிப் புதர் மண்டிக் கிடந்தது. “பொம்பளப் புள்ளைங்க இங்கதான் வரணும். போன மாசம் பாம்பு கெடந்துச்சு. இதுக்கு என்னன்னு எழுதறதுங்க?”

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். “நீங்க பழைய ஆள். நீங்க சொல்லுங்க.” அந்தப் புதரைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. “இல்லீங்க சார். போன வருசம் நாந்தான் வண்டி புடிச்சு எல்லாத்தயும் கொண்டாந்தேன்” என்றேன்.

அவர் ‘இல்லை’ என்று எழுதினார். எனக்கு ஒரு மெமோ வந்தது. பெரிய டீச்சரைத் தொப்பூர்ப் பக்கம் ஒரு மலையடிவாரத்துக்குத் தூக்கியடித்தார்கள். வாய்க்கொழுப்புக்குக் கிடைத்த கூலி என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். அவர் பஸ் ஏறும்போது நான்தான் கண்ணைத் துடைத்தேன். “தப்பு செஞ்சவங்க அழுவட்டும், நாம எதுக்குங்க சார்?” என்றார் அவர்.

தாளில் இல்லை என்று இருந்ததால் மறுவருடம் கழிப்பறைக்கு அனுமதி வந்தது. நான்கு சுவர், ஒரு தகரக் கதவு, ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்கடுத்த வருடம் ஐந்தாம் வகுப்பில் மதியத்துக்கு மேலும் ஒன்பது பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இன்று அங்கே மாடிக் கட்டிடம் நிற்கிறது. கல்வெட்டில் யார் யார் பெயரோ இருக்கிறது. அவர் பெயர் இல்லை. எனக்கு அதில் இன்னும் கோபம்தான்.

அந்த ஒன்பது பேரைப் பற்றி அப்போதே அவருக்கு எழுதிப் போட்டேன். கார்டில் பதில் வந்தது: “ரொம்ப சந்தோஷம் சார். இங்கே கட்டிடமே கிடையாது. இன்ஸ்பெக்டர் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.”