பதினோரு விநாடி

மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பதுதான் சுமலதாவின் வேலை. கேட்கச் சுகமாக இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு ஒயர் பின்னும் தொழிற்சாலையில், கையில் ஸ்டாப்வாட்சும் அட்டையுமாக அவள் வந்து நின்றாலே லைனில் இருக்கும் பெண்களின் முகம் சுண்டிவிடும். ஒயரை எடுக்க மூன்று விநாடி, முனையைச் செருக ஐந்து, டேப் சுற்ற ஒன்பது என்று ஒருத்தியின் எட்டு மணி நேரத்தையும் துண்டு துண்டாக நறுக்கிக் கணக்கெழுதுவாள். "வந்துட்டாடி எமன் பொண்டாட்டி" என்று அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். சுமலதா கோபப்பட்டதில்லை. பதினொரு வருடமாகக் கேட்டுப் பழகிய பெயர்.

அவள் கணவன் திருமலை பழவேற்காட்டுப் பக்கத்து மீனவன். இரண்டு வருடத்துக்கு முன் அவனும் தம்பி கலியனும் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போனார்கள். திருமலை மட்டும் திரும்பி வந்தான். அலை படகைப் புரட்டியது, தம்பி தண்ணீரில் விழுந்தான், கயிறு போட்டு இழுத்தேன், கயிறு அறுந்துவிட்டது என்றான். உடல் கிடைக்கவில்லை. அதன்பிறகு குடும்பமே குப்பத்தை விட்டுக் கவரைப்பேட்டைக்குக் குடிவந்தது. திருமலைக்கு ஒரு கம்பெனியில் லோடிங் வேலை கிடைத்தது. அவன் அம்மா அங்காளம்மாள் மட்டும் கலியன் செத்தான் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. கருமாதி என்று யாராவது வாயைத் திறந்தால் வசவை வாரிக்கொட்டி விடுவாள். தினமும் மத்தியானம் இளைய மகனுக்கும் ஒரு தட்டு போடுவாள்.

திருமலை அழவில்லை. அதுதான் சுமலதாவுக்குப் பெரிய பயம். சோறு வைத்தால் தின்றான், வேலைக்குப் போனான், வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். கட்டிக்கொண்ட மனிதன் எங்கோ போய், அவன் சட்டை மட்டும் வீட்டுக்கு வந்துபோவதாக இருந்தது. பிறகு கம்பெனி சிநேகிதன் ஜெயராஜ் அவனை ஜிம்முக்கு இழுத்துப் போனான். அங்கிருந்து இந்தப் போட்டி வந்தது. ஒரு கிலோமீட்டர் ஓட்டம், உடனே ஒரு பலப் பரீட்சை, மறுபடி ஒரு கிலோமீட்டர், மறுபடி ஒன்று. இப்படி எட்டு. கேட்டபோது பைத்தியக்கார வேலையாகத்தான் பட்டது. ஆனால் பயிற்சி முடித்து வந்த முதல் நாள் அவன், "சுமா, ரசம் கீதா?" என்று வாய்விட்டுக் கேட்டான். சுமலதா அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று முதல் அந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு அவள்தான் முதல் ரசிகை.

சென்னையில் நடந்த முதல் போட்டியை ஒரு மணி இருபத்திரண்டு நிமிடத்தில் முடித்தான். ஓட்டத்தில் குறையில்லை. துடுப்பு மிஷினில் கேட்கவே வேண்டாம். கயிறு கட்டி ஸ்லெட் இழுக்கும் இடத்தில்தான் பின்தங்கிவிட்டான். ஸ்லெட் என்பது சக்கரமில்லாத இரும்புச் சட்டம், மேலே எடைத் தட்டுகள். ஆள் ஒரு முனையில் கட்டத்துக்குள் நின்று அதைத் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். பன்னிரண்டரை மீட்டர், நான்கு முறை. பிறந்ததிலிருந்து வலைக்கயிறு இழுத்தவன், கம்ப்யூட்டர் தட்டும் பையன்களிடம் கயிற்றில் தோற்றான்.

"நீதான் எல்லாருக்கும் டைம் பாக்கிறியே, எனக்கும் பாத்து சொல்லேன். எங்க உட்டேன்னு தெரில. அஞ்சு வாரத்துல அடுத்தது வருது."

அவன் தன்னிடம் ஒன்று கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, போட்டியன்று தான் எடுத்த வீடியோவை லேப்டாப்பில் போட்டு, அட்டையில் கோடு கிழித்து உட்கார்ந்தாள்.

முதல் இழுப்பு. கை மாற்றிக் கை, அழகாக இழுக்கிறான். ஸ்லெட் அவனிடமிருந்து இரண்டு கை தூரத்தில் வந்ததும் நின்றுவிடுகிறது. பிறகு நகர்கிறது. நின்ற நேரம் பதினோரு விநாடி. மூச்சு வாங்குகிறான் போல என்று எழுதிக்கொண்டாள். இரண்டாவது இழுப்பு. அதே இரண்டு கை தூரம், பதினோரு விநாடி. மூன்றாவது பதினொன்று. நான்காவதும் பதினொன்று.

சுமலதா பேனாவைக் கீழே வைத்தாள். பதினொரு வருடத்தில் எந்த மனிதக் கையும் ஒரே நேரத்தை நான்கு முறை எடுத்து அவள் பார்த்ததில்லை. மனிதன் என்றால் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். களைத்தால் கூடியே தீரும். இது கூடவில்லை. இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். அவன் ஓய்வெடுக்கவில்லை. அந்தப் பதினோரு விநாடியும் கயிறு விறைத்துத்தான் இருந்தது. முன்கை நரம்பு புடைக்க இழுத்துக்கொண்டிருந்தான். ஸ்லெட் வரவில்லை. நடுவர் குனிந்து, எதிலாவது மாட்டியிருக்கிறதா என்று தரையைக்கூடப் பார்த்தார். திருமலையின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை, தன் செக்ஷன் பெரியவர் வீரராகவனிடம் திருமலையின் முகம் தெரியாதபடி அந்தத் துண்டை மட்டும் ஓட்டிக் காட்டினாள். முப்பது வருடம் ஸ்டாப்வாட்ச் பிடித்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

"இது இன்னாம்மா, ஷீட்ல ஒரு ஆளுன்னு போட்டுகீற? இது ரெண்டு ஆள் வேலை."

"ஒருத்தர்தான் சார் இழுக்கிறாரு."

"இந்தாண்ட ஒருத்தன் இழுக்கிறான். அந்தாண்ட ஒருத்தன் புடிச்சிக்கினு கீறான். கயிறு ஆடறத பாரு. நான் சொல்றது தப்புன்னா இந்த வாட்ச்ச நீயே வச்சிக்கோ." சொல்லிவிட்டுச் சிரித்தார். சுமலதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் அவள் எதையும் சொல்லவில்லை. ஞாயிறு வந்ததும், "ஒருவாட்டி நேர்ல பாக்கணும் மாமா" என்றாள். கவரைப்பேட்டைக்கு வெளியே மனை போட்டு விற்காமல் கிடக்கும் வெட்டவெளிக்கு இருவரும் போனார்கள். நட்டுவைத்த கல்லும் மணலும்தான். உச்சி வெயில். ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு இரும்புத் தகட்டின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கி, தடித்த கயிறு கட்டினான். போய் எதிர்முனையில் நின்றான். சுமலதா சுமையோடு கூடவே நடந்தாள்.

சுமை சரசரவென்று வந்தது. அவனுக்கு இரண்டு கை தூரத்தில் நின்றது. அவள் வாட்ச்சை அழுத்தினாள். முன்னால் கல்லில்லை, பள்ளமில்லை. சுமைக்குப் பின்னால் வெறும் மணல். குனிந்து கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அவளும் குப்பத்துப் பெண்தான். பாறையில் மாட்டிய கயிறு வேறு, ஒரு ஆள் பிடித்திருக்கும் கயிறு வேறு என்று குழந்தையிலிருந்தே அவள் கைக்குத் தெரியும். பாறைக் கயிறு செத்துக் கிடக்கும். இந்தக் கயிறு அவள் கைக்குள் துடித்தது. பிடி மாற்றிப் பிடிக்கும் ஒருவனின் துடிப்பு. அவள் கையை எடுக்கவில்லை.

இவ்வளவு அருகில் திருமலையின் முணுமுணுப்பு கேட்டது.

"உடாத. உடாத கலியா. உடாதடா."

பதினோராவது விநாடியில் கயிறு சட்டென்று லேசானது. சுமை அவன் காலடிக்கு வந்து சேர்ந்தது. திருமலை மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"கயிறு அறுந்துபோச்சுன்னுதான சொன்ன?" என்றாள் சுமலதா.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அறுந்துபோவல. ரெண்டு கை தூரத்துல இருந்தான் சுமா. அவன இழுத்தா படகு சாயுது, தண்ணி ஏறுது. ரெண்டு பேரும் போயிடுவோம். 'உட்றா கலியா, பின்னால வேற படகு வருது, நீந்திக்கினு இரு, அவங்க தூக்கிப்பாங்க'ன்னேன். படகு எதுவும் வரல. நான் சும்மா சொன்னேன். அவன் என் மூஞ்சையே பாத்தான். கொஞ்ச நேரம் பாத்தான். 'சரிண்ணா'ன்னான். உட்டுட்டான்."

கலியன் அப்படித்தான். அண்ணன் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. தனக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட அண்ணன் தலையாட்டிய பிறகுதான் அவன் ஆட்டினான். சுமலதாவுக்கு அந்த 'சரிண்ணா' காதிலேயே கேட்டது. கணவனை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"அத்தைகிட்ட சொல்லு மாமா. நீ சொல்லாத வரைக்கும் அவன் எங்கயும் போவமாட்டான். உன்னியும் உடமாட்டான்."

"சொன்னா என்ன மன்னிப்பாளா?"

"தெரில. ஆனா சொல்லணும்."

அன்று மத்தியானமே சொன்னான். தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்த அங்காளம்மாள் கரண்டியோடு நின்று முழுவதும் கேட்டாள். கத்தவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. "நீ சொன்னியா, அதான் உட்டுட்டான்" என்றாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத் தெரியும். அவனா உட்டிருக்கமாட்டான்" என்றாள். இளைய மகனின் தட்டிலிருந்த சோற்றைத் திருப்பிச் சட்டியில் கொட்டினாள். மூத்தவன் முகத்தை அன்று முழுவதும் அவள் பார்க்கவில்லை. மறுவாரம் அவளே கருமாதிக்கு நாள் குறித்தாள். முகத்துவாரத்தில் பிண்டம் கரைக்கும்போது திருமலை இடுப்பளவு தண்ணீரில் நின்றான். அப்போதும் அவன் கண் காய்ந்துதான் கிடந்தது.

அடுத்த போட்டிக்கு அவன் போவானா என்றே சந்தேகமாக இருந்தது. போனான். சுமலதா தடுப்புக்கம்பியோரம் வாட்ச்சோடு நின்றாள். மூன்றாவது ஓட்டம் முடித்து வந்து கயிற்றைப் பிடித்தான். ஸ்லெட் வந்தது. இரண்டு கை தூரம். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். நிற்காமல் அவன் காலடிக்கே வந்துவிட்டது. இரண்டாவது முறையும் வந்தது. மூன்றாவது, நான்காவது. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. நாற்பத்துநான்கு விநாடி மிச்சம். சுமலதா குதித்தாள். பக்கத்தில் நின்ற முகம் தெரியாத பெண்ணைக் கட்டிக்கூடப் பிடித்துவிட்டாள்.

ஒரு மணி இருபது நிமிடத்துக்குள் முடித்துவிட்டு அவன் வெளியே வந்தபோது ஓடிப்போய் நின்றாள்.

"எவ்ளோ நேரம் நின்னேன்?" என்று கேட்டான்.

"நிக்கவேல்ல மாமா. நாலுவாட்டியும் நிக்கவேல்ல."

"ஒருவாட்டிகூடவா?"

"ஒருவாட்டிகூட இல்ல."

திருமலை அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தான்.

"நாலுவாட்டியும் கூப்டேன் சுமா. 'இருக்கியாடா, இருக்கியாடா'ன்னு கேட்டேன். கயிறு சும்மா வந்துச்சு. அவன் வரல."

வாயைப் பிளந்துகொண்டு அழுதான். இரண்டு வருடத்து அழுகை. சுமலதா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் மெடல் போட்டவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பையன் குனிந்து, "அண்ணனுக்கு நல்ல டைம் வந்துச்சாக்கா?" என்று கேட்டான்.

வந்தது என்றாள்.