புகையில்லாமல் பல்லக்கா?

என் மகளுக்குத் தொய்வு. இதை இப்படிப் பட்டென்று எழுத எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தடை. ஆஸ்துமா என்றும் சொல்லக்கூடாது, இழுப்பு என்றும் சொல்லக்கூடாது. யாராவது கேட்டால் 'தடிமல்', வெறும் சளி. பனிக்காலத்திலும் தடிமல், கோடையிலும் தடிமல், மகரந்தம் பறக்கும் ஏப்ரலிலும் தடிமல். பொம்பிளைப் பிள்ளை, நாளைக்கு ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டாமா என்பது என் மனைவியின் வாதம். பிள்ளைக்கு அப்போது வயது பதின்மூன்று. அந்த ஒருத்தனும் எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் இருந்திருப்பான்.

நான் பரிஸ் நகரத்தில், லா சப்பலில் ஒரு ரெலிபோன் கடையில் வேலை செய்தேன். ஊருக்குக் கதைக்கிற கார்டுகளின் காலம் முடிந்து, எல்லார் கையிலும் பெரிய திரை வந்துவிட்ட வருடங்கள். உடைந்த கண்ணாடி மாற்றுவதும் பாஸ்வேர்டை மறந்தவர்களிடம் பேச்சு வாங்குவதும் என் தொழில். ஆகவே, ஆஸ்பத்திரி நர்ஸ், "பிள்ளையும் பெற்றோரில் ஒருவரும் சேர்ந்து போனில் பாவிக்கிற ஒரு அப் இருக்கிறது, யார் பொறுப்பெடுக்கிறீர்கள்?" என்று கேட்டதும் மனைவி என்னைக் கை காட்டினாள். "இவர்தான் ரெலிபோன்காரர்." வைத்தியத்தில் எனக்கிருந்த தகுதி அவ்வளவுதான்.

காலையில் மகள் ஒரு குழாயில் பலமாக ஊத வேண்டும். வந்த எண்ணைப் போனில் போட்டால் திரை நிறம் மாறும். பச்சை என்றால் சுகம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் உடனே வாயில் வைத்து மருந்தை இழுக்கிற நீலப் பம்பு, அதற்குப் பிறகும் இழுத்தால் அவசர வண்டி. அவளுடைய போனில் வருகிற நிறம் என் போனிலும் வரும். ஊத நேரமில்லாமல் மூச்சு முட்டினால் அவளே சிவப்பை அழுத்தலாம். கீழே நாங்கள் இருவரும் எழுதிக்கொள்ள ஒரு சின்ன இடம். ஒரே வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கிற தகப்பனும் மகளும் கதைப்பதற்கு ஆஸ்பத்திரி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், வேலை செய்தது. நேரில் கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறவள், போனில் எழுதினாள். விளையாட்டு வகுப்பில் படியேறும்போது மூச்சு முட்டியது, வாத்தியார் நம்பவில்லை என்று எழுதினாள். நான் பிழைப் பிரெஞ்சில் பதில் எழுத, பிழையைத் திருத்தி எனக்கே திருப்பி அனுப்பினாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் மனைவிக்கு நிறம் என்பது பரீட்சைப் புள்ளி.

"இண்டைக்கு என்ன?"

"மஞ்சள்."

"ஏன் மஞ்சள்? நேற்றுப் பச்சை எடுத்தவள்தானே? இன்னொருக்கா ஊதச் சொல்லுங்கோ."

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நிறம் ஒழுங்காக மஞ்சளுக்குப் போனது. வீட்டில் ஏதாவது புகை உண்டா என்று அப் கேட்டது. மகள் ஓம் என்று அழுத்தினாள். புகையைத் தவிர்க்கவும் என்று அறிவுரை வந்தது. மனைவிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "உந்த ரெலிபோனுக்குச் சாம்பிராணி எண்டா என்னெண்டு தெரியுமே? வந்திட்டுது எனக்குச் சாமி கும்பிடப் படிப்பிக்க!" மூன்று வாரம் போனோடு கதை இல்லை. பிறகு சாம்பிராணித் தட்டு தானாகவே பல்கனிக்கு இடம் மாறியது.

இந்த நேரத்தில்தான் சாமத்திய வீடு வந்தது. பிள்ளை பெரிய பிள்ளையாகி ஒரு வருடமாகிவிட்டது, ஆனால் மண்டபம் கிடைக்கிற நாளில்தானே இங்கே எவரும் வயதுக்கு வர முடியும். பரிஸுக்கு வெளியே பொண்டியில் மண்டபம். பொறுப்பு முழுவதும் கூசேன்விலில் இருக்கிற என் அக்காவுடையது. மாமி முறைக்காரி அவள்தான், தண்ணீர் வார்ப்பதிலிருந்து ஆலாத்தி வரை அவள் சொல்வதுதான் சட்டம். பல்லக்கு பேசியாயிற்று. பல்லக்கைத் தூக்க நாலு பெடியளையும் பிடித்தாயிற்று. பல்லக்கு உள்ளே வருகிறபோது நிலத்திலிருந்து முகில் மாதிரி எழும்ப ஒரு புகை மெசினும் பேசியாயிற்று.

அன்றே மகள் போனில் எழுதினாள்: "அப்பா, புகை வேண்டாம். ப்ளீஸ்."

அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, உந்தப் புகை தேவையோ?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய் தம்பி? புகையில்லாமல் பல்லக்கோ? லண்டனிலிருந்து சனம் வருகுது. வீடியோவில பாத்தா, கோயில் சப்பறத்தைக் களவெடுத்துக்கொண்டு ஓடுற மாதிரியெல்லே கிடக்கும்!"

காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒரு வசனத்தில் முடிந்திருக்கும். மனைவி எதிரே நின்று கண்ணால் என்னை எரித்துக்கொண்டிருந்தாள். "பிள்ளைக்குத் தடிமல், அக்கா" என்றேன். தடிமலுக்காக எந்தத் தமிழனாவது புகை மெசினை நிற்பாட்டியிருக்கிறானா? கடைசியில் கொஞ்சமாக விடுவதென்று பேசி முடித்தோம். புகை மெசின் வீடியோக்காரருடையது, அவரிடமும் சொன்னேன். "பயப்பிடாதேங்கோ அண்ணை, லைற்றாத்தான்" என்றார் அவர்.

சடங்கு அன்றைக்கு மகளைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, இறுக்கிக் கட்டிய சேலை. இவ்வளவு நகையிலும் ஒரு பம்பு வைக்க இடமில்லை. மனைவி அதைத் தன் கைப்பையில் போட்டு, பையை அலங்கார அறையில் வைத்துப் பூட்டினாள். சாவி மைத்துனரிடம். மைத்துனர் லண்டன்காரரைக் கூட்டிவர ஸ்ரேசனுக்குப் போய்விட்டார். போனை மட்டும் மகள் பல்லக்கு மெத்தைக்குக் கீழே ஒளித்துக்கொண்டாள். அதுவாவது அவளுக்குத் தோன்றியதே.

நான் வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்றேன். நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் எகிறியது. பல்லக்கு உள்ளே வந்தது. வீடியோக்காரருடைய 'லைற்று' எழும்பி, முதலில் பெடியளின் முழங்கால் மறைந்தது, பிறகு இடுப்பு, பிறகு பல்லக்கே மறைந்தது. சனம் கை தட்டியது. அப்போதுதான் என் சட்டைப்பையில் போன் அலறியது. சிவப்பு.

பன்னீர்ச் செம்பை எறிந்துவிட்டு ஓடினேன். புகைக்குள் கண் தெரியவில்லை, யாரோ ஒருவருடைய காலில் தடுக்கி விழுந்து எழும்பி ஓடினேன். "நிப்பாட்டுங்கோடா! மெசினை நிப்பாட்டுங்கோ!" பெடியள் பல்லக்கை இறக்கினார்கள். மகள் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு குனிந்திருந்தாள். நெஞ்சுக்குள் விசில் கேட்டது. உதடு வெளிறியிருந்தது. "பம்பு எங்கை? பம்பு!" என்று நான் கத்த, "சாவி! சாவி!" என்று மனைவி கத்த, வீடியோக்காரர் இதுவும் சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்து நெருக்கமாக வந்து படம் பிடித்தார். நான் அவசர வண்டிக்கு எடுத்த போனில் எங்கே நிற்கிறேன் என்றே சொல்லத் தெரியாமல் உளறினேன். பதினைந்து வருடம் பரிஸில் இருக்கிறேன், மண்டபத்தின் விலாசம் வாயில் வரவில்லை.

அக்கா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். ஓடவில்லை, நடந்துதான் வந்தாள். கூறைச்சேலை நிலத்தில் படப் பிள்ளைக்கு முன்னால் குந்தினாள். கைப்பையைத் திறந்து, கைலேஞ்சிக்குக் கீழேயிருந்து ஒரு நீலப் பம்பை எடுத்தாள். குலுக்கினாள்.

"என்னைப் பார். முதல்ல ஊதி வெளியில விடு. ஓம். இப்ப மெல்லமா இழு… பிடி, பிடி, விடாதை… இப்ப விடு. திரும்ப ஒருக்கா."

ஒட்டியாணத்தின் கொக்கியை ஒற்றைக் கையால் கழற்றி எறிந்தாள். யாரோ கதவுகளைத் திறந்தார்கள். அவசர வண்டி வந்து சேர்ந்தபோது விசில் தணிந்து, மகள் அக்காவின் தோளில் சாய்ந்திருந்தாள். நாதஸ்வரம் மட்டும் நிறுத்த ஆளில்லாமல் பாடிக்கொண்டிருந்தது.

மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது. "மச்சாள்… இந்தப் பம்பு… உங்களுக்கு எப்படி?"

அக்கா பையின் சிப்பை இழுத்து மூடினாள். "எனக்கும் தடிமல்தான்" என்றாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து தடிமல் என்று பிறகு தெரிந்தது. அத்தான் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கு லண்டன் வரை தெரிந்தது. புகை மெசினை ஓடர் பண்ணியவளும் அவள்தான். ஆசையிலே செய்தாளா, யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று செய்தாளா, நான் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வாங்குவேன்.

சில வாரங்களுக்குப் பிறகு, கடையில் ஒருவருடைய போனைக் கழற்றி வைத்திருந்தபோது என் போனில் ஒரு தகவல் வந்தது. இந்தக் கணக்கின் பொறுப்பாளர் மாற்றப்பட்டுள்ளார், இதுவரை உதவியதற்கு நன்றி. அப் பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். உள்ளே விடவில்லை. ஊராருடைய போனையெல்லாம் திருத்துகிற எனக்கு என் சொந்த மகளின் நிறம் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம், நான்தான் மாத்தினனான். மாமியைப் போட்டிருக்கிறன். நர்சும் சரியெண்டவ."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன்? நான் என்ன குறை வைச்சனான்? சிவப்பு வந்த உடனே ஓடி வந்தனானோ இல்லையோ? விழுந்தெழும்பி ஓடி வந்தனான்!"

"ஓம் அப்பா. பாத்தனான்." சோற்றுக் கோப்பையை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள். "எனக்கு முட்டேக்கை உங்கடை முகத்தைப் பாத்தா, நான் முதல்ல உங்களைத்தான் ஆறுதல்படுத்த வேணும் போல கிடக்கு. எனக்கு அந்த நேரம் அவ்வளவு மூச்சு இல்லை."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னாள், பிறகு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள்.